கதவுக்கடியில் ஈரத்துணி

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலையில் பட்டறை அறையின் கதவைத் திறந்த அற்புதமணி உடனே உள்ளே போகவில்லை. இரண்டு வாரமாகவே அந்த நிலைப்படியில் அவளுக்கு ஒரு நிமிஷம் நிற்கவேண்டியிருந்தது. இன்றைக்கு என்ன வந்திருக்குமோ என்று ஒரு பயம். ஒன்றும் வராமல் போனாலும் பயமாகத்தான் இருக்கும் போலிருந்தது.

மேஜைமேல் அந்த அறை இருந்தது.

ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம், முன்பக்கம் திறந்த ஒரு தேக்குப் பெட்டி. அதற்குள், ஒல்லாந்தர் தூத்துக்குடியில் வியாபாரம் செய்த காலத்து மாடி அறை ஒன்றை அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அவள் எழுப்பியிருந்தாள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசி, சோழியால் தேய்த்து மெருகேற்றிய சுவர். உடைந்த பூந்தொட்டிச் சில்லை அறுத்துப் பதித்த சிவப்புத் தளம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. முத்துச் சிப்பியைக் காகித கனத்துக்கு உரசிப் போட்ட சில்லுகள். சுண்டுவிரல் உயர நாற்காலிக்குப் பனை நாரில் பிரம்புப் பின்னல். கட்டில், மெழுகுவத்தித் தண்டு, நீலப்பூத் தட்டுகள், ஜன்னலில் லேஸ் திரை. பார்க்க வருகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிவார்கள். மூச்சுப் பட்டால் திரை ஆடும்.

அது எங்கோ இருந்த அறை இல்லை. இந்த வீட்டு மாடி அறையேதான். எந்த ஒல்லாந்து வியாபாரியோ கட்டிவிட்டுப் போன வீட்டை அவள் மாமனார் வாங்கியிருந்தார். கல்யாணமாகி நாசரேத்திலிருந்து வந்த புதிதில், உத்தரம், நிலை, ஜன்னல் விளிம்பு என்று ஒன்று விடாமல் அளந்து அவள் நோட்டில் குறித்து வைத்தாள். அது நாற்பத்தொன்றில். அந்த நோட்டு இல்லையென்றால் இப்போது இந்த வேலையே நடந்திருக்காது. மாடி அறை பூட்டிக் கிடந்து நாலரை வருஷம் ஆகிறது.

கொழும்பில் குண்டு விழுந்த ஈஸ்டர் வாரத்தில், அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊரே காலி செய்து ஓடியது. அவள் கொழுந்தன் எஸ்றா டைபாய்டு கண்டு அந்த மாடி அறையில் கிடந்தான். வண்டியில் ஏற்றினால் வழியிலேயே போய்விடுவான் என்று டாக்டர் சொன்னார். பெண்கள் சாத்தான்குளத்துக்குப் போக, தம்பிக்குக் காவலாக நின்றவன் அற்புதமணியின் கணவன் பொன்னுதுரை. நாலாம் நாள் சாத்தான்குளத்துக்கு வந்து, தம்பி என் மடியில் தலை வைத்தபடி போனான் என்று சொன்னான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு மாற்றம் மட்டும் அற்புதமணிக்குத் தெரியும். பொன்னுதுரை அவள் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. சோறு போட்டால் சாப்பிடுவான். தண்ணீருக்குத் தானே எழுந்து போய்ப் பானையில் மொண்டுகொள்வான். துக்கம் மனிதனை எப்படியெல்லாமோ ஆக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். நாலரை வருஷம் விட்டுவிட்டாள்.

மதராஸ் பொருட்காட்சிக்கு அவள் செய்த நாலாவது அறை இது. இன்று சாயங்கால ரயிலில் ஏறவேண்டும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் கடைசி வரை மாட்டாமல் விட்டிருந்தாள். வஜ்ரப் பசை உள்ளே காற்றுப் பட்டு உலர இரண்டு வாரமாவது வேண்டும். அந்தத் திறந்த பக்கம் வழியாகத்தான் ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் வந்தது ஓர் எனாமல் தம்ளர். சிகரெட் டப்பாத் தகரத்தில் சுருட்டி, வெள்ளையடித்து, விளிம்பில் நீலம் தீட்டியது. கட்டிலருகே கவிழ்ந்து கிடந்தது. அறைக்குரிய வருஷத்தில் இல்லாத பொருள் எதுவும் உள்ளே நுழையக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில் ஏது எனாமல் தம்ளர்? அளவும் தப்பு. அந்த அறைக்கு அது தம்ளராக இல்லை, வாளியாக இருந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஐந்து நாள் கழித்து ஒரு பாய் வந்தது. கட்டிலை விட்டுவிட்டு, கதவின் உள்பக்கம் ஒட்டினாற்போல் விரிந்திருந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

இன்று குனிந்து பார்த்தாள். அறைக்குள் புதிதாக ஒன்றும் இல்லை. கதவுக்கு வெளியே இருந்தது.

கதவு பக்கச் சுவரில் இருந்தது; கண் அதோடு முட்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதற்கு அப்பால் நாலங்குலம் மாடி நடையும் முன்பக்கம் திறந்தபடி கட்டியிருந்தாள். அந்த நடையில், கதவோரமாக, ஓர் அரிக்கன் விளக்கு. ஓர் அங்குல உயரம். இந்த முறை அளவு கச்சிதம். அவளுடைய அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும்.

கதவுக்கு அடியில் ஒரு துணிக் கீற்று. பாதி உள்ளே, பாதி வெளியே.

விரலால் தொட்டாள். ஈரம்.

ராத்திரி வைத்திருந்தால் காய்ந்து போயிருக்கும். விடிந்த பிறகு யாரோ நனைத்து வைத்திருக்கிறார்கள். அவள் துணியை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் ஒரு பச்சை நூல் ஓடியது. அந்தக் கரை அவளுக்குத் தெரியும். வாரம் தவறாமல் அவளே துவைத்து உலர்த்துகிற வேட்டியின் கரை.

பொன்னுதுரை காலை ஆறு மணிக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தான்.

பேய் என்றால் ஜெபம் பண்ணலாம். புருஷன் என்றால் என்ன பண்ணுவது? அவர் எதையோ சொல்ல வருகிறார், வாயால் சொல்ல முடியாமல் தகரத்தால் சொல்லுகிறார் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. நாலு மணிக்குக் கண்ணாடி மாட்டி, ஆணி அடித்து, பெட்டி ரயிலேறிவிட்டால் அதை அவர் இனி ஒருநாளும் சொல்லப்போவதில்லை. அதுவும் புரிந்தது. துணியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அடுப்படிப் பக்கம் பொன்னுதுரையின் அக்காள் ஜெபகனி சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாய் இல்லாத இரண்டு தம்பிகளையும் வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வெள்ளைப் புடவை தவிர வேறு உடுத்தமாட்டாள். எஸ்றா போனபிறகு மாடிப்படியில் கால் வைத்ததில்லை. இந்தச் சின்ன அறை தயாராகிற பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை.

"மைனி, இன்னைக்கும் வந்திருக்கு."

ஜெபகனி தலை நிமிரவில்லை. "என்னது?"

"ஒரு வெளக்கு. பெறகு கதவுக்கடியில ஒரு துணி."

"துணின்னா உள்ள கெடக்கா, வெளிய கெடக்கா?"

"பாதி உள்ள, பாதி வெளிய. நனஞ்சு போயிருக்கு."

செதில் தெறித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது.  பிறகு ஜெபகனி அதே மீனை மறுபடியும் உரச ஆரம்பித்தாள், ஏற்கெனவே உரசிய பக்கத்தை.

"ஏளா மணி, அதை அனுப்ப வேண்டாம். மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திரு."

"எட்டு மாச வேலை மைனி."

"எட்டு மாசந்தான?" என்றாள் ஜெபகனி. அடுத்த மீனை எடுத்தாள்.

பதினோரு மணிக்கு ஆவுடையப்பன் வந்தார். துறைமுகத்தில் பெட்டி கட்டி அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடிச் சாமானை இவர் கட்டிவிட்டால் கப்பலே கவிழ்ந்தாலும் பெட்டிக்குள் ஒன்றும் உடையாது என்பது அவரே ஊரில் பரப்பியிருந்த செய்தி. முழக்கோலால் நீள அகலம் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் குனிந்தார்.

"ஏ தங்கச்சி, கட்டில் இருக்கு, நாற்காலி இருக்கு, தட்டு இருக்கு. குடியேற ஆளைக் காணோமே? ஒரு வெள்ளைக்காரன் பொம்மையை உக்கார வைக்கப்படாதா?"

"ஆள் வச்சா அது பொம்மை வீடாயிரும் அண்ணாச்சி. ஆளு இப்பதான் எந்திரிச்சு வெளிய போனாருன்னு தெரியணும். அதான் வேலை."

ஆவுடையப்பன் யோசித்தார். "அப்ப கதவை ஏன் பூட்டி வச்சிருக்க? எப்படி வெளிய போவான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேங்காய் நாரும் பலகையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார். அற்புதமணிக்குத்தான் அதற்குப் பிறகு கை ஓடவில்லை. அவள் செய்த கதவு பூட்டித்தான் இருந்தது. பூட்டில் ஒரு குட்டிச் சாவி தொங்கியது. அந்தச் சாவியை நினைத்து அவளுக்கு இதுவரை பெருமைதான்.

போன மாதம் ஜன்னல் திரைக்கு லேஸ் பின்னுவதற்காக, யுத்தம் தொடங்கி நூல் கிடைக்காமல் போனதிலிருந்து தொடாமல் கிடந்த லேஸ் பெட்டியைத் திறந்தாள். பின்னல் திண்டுக்கு அடியில் மாடி அறையின் சாவி கிடைத்தது. ஒரு சாண் நீளம், தலையில் இரட்டை வளையம். அறையைப் பூட்டிவிட்டுப் பொன்னுதுரைதான் இதில் போட்டிருப்பான் என்று நினைத்தாள். இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? அதைப் பார்த்து அங்குலத்துக்கும் குறைவாகப் பித்தளையில் ஒன்று ராவி எடுத்துப் பூட்டில் மாட்டினாள். பெரிய சாவியை மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டாள்.

குட்டிச் சாவியை மாட்டியதற்கு மறுநாள்தான் தம்ளர் வந்தது.

இது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்குப் பொன்னுதுரை வந்து செருப்பைக் கழற்றினான். அற்புதமணி சோறு போடவில்லை. பட்டறைக்கு வாருங்கள் என்றாள். அவன் வந்தான். அவள் துணியை இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது உங்க வேட்டிதான?"

அவன் துணியைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தான்.

"நீ சாவி வச்ச. நான் துணி வச்சேன்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னாள். பொன்னுதுரை பழைய ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சின்ன அறையைப் பார்த்தபடியே, ஆபீஸில் ஒரு ரிப்போர்ட்டைப் படிக்கிற குரலில் சொல்லத் தொடங்கினான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியபோது அவன் துறைமுக ஆபீஸில் இருந்தான். கணக்குப் புத்தகங்களை ஒப்படைத்துவிட்டு இரண்டு மணிக்கு வந்தான். மாடி அறை வெளியே பூட்டியிருந்தது. படிக்கட்டுத் தலைமாட்டு ஆணியில் சாவி இல்லை. வீடு முழுக்கத் தேடினான். இல்லை. சத்தம் கேட்டு எஸ்றா கட்டிலிலிருந்து பாயை இழுத்துக்கொண்டு ஊர்ந்து கதவுக்கு வந்துவிட்டான். ஜன்னலில் எல்லாம் இரும்புக் கம்பி, ஏணியும் எட்டாத உயரம். கதவோ ஒல்லாந்தர் போட்ட கதவு. உலக்கையால் இடித்ததில் உலக்கைதான் பிளந்தது. தெருவில் நாய்தான் இருந்தது, ஆள் இல்லை.

"தண்ணி கேட்டான்," என்றான் பொன்னுதுரை. "உள்ள தம்ளர் காலியாயிட்டு. கதவுக்கடியில வெரல் நொழையுத அளவுதான் சந்து. வேட்டியக் கிழிச்சு நனச்சு உள்ள தள்ளுனேன். சப்பிக் குடிச்சான். குடிச்சுட்டுத் துணிய வெளிய தள்ளுவான். நான் மறுபடி நனப்பேன். ராத்திரி பூரா வெளக்க வச்சுக்கிட்டு அதான் வேலை. விடிஞ்சதும் முத்தையாபுரத்துக்கு ஓடிப் போயி ஒரு கொல்லனைக் கூட்டிட்டு வந்தேன். கீலை அடிச்சுக் கழட்டித்தான் தெறந்தது. அதுக்குள்ள துணி வெளிய வரல."

காலையில் ஈரமாக இருந்த துணி அற்புதமணியின் உள்ளங்கையில் காய்ந்து கிடந்தது.

கீலைத் திரும்ப மாட்டி, பூட்டிய கதவைப் பூட்டியபடியே விட்டுவிட்டதாக அவன் சொன்னான். மடியில் தலை வைத்த கதையைச் சாத்தான்குளத்துக்கு வருகிற வழியில் கட்டிக்கொண்டான்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"கடைசியாக் கஞ்சி குடுத்துட்டு எறங்கினது நீ. நீதான் பூட்டியிருக்கணும். அவசரத்துல சாவியோட வண்டி ஏறிட்ட. வேணும்னா செஞ்ச? சொன்னா நீ தாங்கமாட்ட. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன். வருஷம் போயிட்டு. போன மாசம் நீ அந்தச் சாவியவே செஞ்சு பூட்டுல தொங்கவிட்ட. சரி, இவ சொல்ல ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன். நானும் என் பங்கைச் சொன்னேன்."

அவள் அழவில்லை. அழுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"நான் எறங்கும்போது கதவு தெறந்துதான் கெடந்துது. தம்பி தூங்குச்சு. சாவி ஆணியில இருந்துச்சு. என் பெட்டியில அது கெடந்தது போன மாசந்தான் எனக்குத் தெரியும். நீங்க போட்டதுன்னு நெனச்சேன்."

பொன்னுதுரை அவள் முகத்தைப் பார்த்தான். நாலரை வருஷத்தில் அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் உதடு காய்ந்திருந்தது.

"கொஞ்சம் தண்ணி கொண்டா," என்றான்.

அவள் பானையில் மொண்டு கொண்டுவந்தாள்.  அவன் அதை அவள் கையிலிருந்தே வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்துக் குடித்தான்.

அந்தத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த வண்டி ஞாபகம் வந்தது. எல்லாரும் ஏறியாகிவிட்டது. மைனியை மட்டும் காணோம். ஜெபம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனவள் கடைசியாக ஓடிவந்தாள். கையில் லேஸ் பெட்டி. 'இதை மறந்துட்டுப் போறியே' என்றாள். சாத்தான்குளம் வரை அதைத் தன் மடியை விட்டு இறக்கவில்லை.

"நீ இல்லன்னா பின்ன யாரு?" என்றான் பொன்னுதுரை.

தாயாக இருந்து வளர்த்தவள். அந்தப் பெயரை இவள் வாயால் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் இன்று குடித்த தண்ணீருக்கு என்ன அர்த்தம்?

"அந்தச் சாவிய எடு. பாக்கணும்," என்றான்.

அற்புதமணி திரும்பினாள். மேஜைக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்கு நேர் கீழே, அவளுடைய அளவுகோலின்மேல், ஒரு சாளைச் செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது.

தலைக்கு மேலே உத்தரம் முனகியது. பட்டறைக்கு நேர் மேலேதான் மாடி நடை. யாரோ மெதுவாக நடந்தார்கள். துருப்பிடித்த பூட்டில் இரும்பு கரகரவென்று சுற்றியது. கதவு திறந்தது, மூடியது. பிறகு மறுபடியும் அதே கரகரப்பு. இந்தத் தடவை உள்ளே இருந்து.

"அக்கா," என்றான் பொன்னுதுரை, யாரிடமோ கேட்பதுபோல். மறுகணம் படிக்கட்டில் ஓடினான்.

அவள் பின்னாலேயே ஏறியபோது அவன் கதவின்முன் மண்டியிட்டிருந்தான். இடது தோளைக் கதவில் சாய்த்து, கன்னம் தரையைத் தொட. அன்று ராத்திரியெல்லாம் இப்படித்தான் இருந்திருப்பான். விளக்கு ஒன்றுதான் இப்போது இல்லை.

"அக்கா, கதவத் தெற."

 கீழே வாசலில் ஆவுடையப்பன் தேங்காய் நார் மூட்டையைப் போடுகிற சத்தம் கேட்டது. பெட்டியை மூடலாமா தங்கச்சி என்று குரல் கொடுத்தார். 

கதவுக்கடியில், ஒரு விரல் நுழைகிற சந்தில், வெள்ளைப் புடவைத் தலைப்பு வெளியே தெரிந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. ஜெபகனி தரையில் படுத்திருந்தாள்.

"பூட்டுனது நான்தாம்லே தொரை," என்றது உள்ளிருந்து குரல், வகுப்பில் பாடம் சொல்வதுபோல நிதானமாக. "மொத நாள் ராத்திரி சுரத்துல எந்திரிச்சு கடலுக்கு நடந்துட்டாம்லா. நீ வார வரைக்கும்னு பூட்டுனேன். சாவி என் கையிலயே வந்துட்டு."

பொன்னுதுரை கதவில் உள்ளங்கையை வைத்தான். 

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் ஜெபகனி. "அவன் எந்தப் பக்கம் தல வச்சுப் படுத்திருந்தான்?"